பென்ஸெல் வீட்டின் பதினான்கு

அன்று ஃப்ரீடன் ஊர் லூத்தரன் தேவாலயத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கம்பளம் கழுவ வந்த ரெய்ன்ஹோல்ட் பென்ஸெல். வெளியே வேனில் நின்று இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட அவருடைய தங்கை ஆல்வினா. மாதர் சங்கத் தலைவி எல்டா க்ராம்லிக். போதகர் டீல்மன். மோசஸ் லேக் ஊரிலிருந்து எல்டா வரவழைத்திருந்த டூப்ரீ என்ற இன்னொரு கம்பளக்காரர். அவ்வளவுதான். ஆறாவதாக ஒருவர் இருந்தார் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் எல்லோரையும் உள்ளே விட்டால் அந்தச் சிறிய தேவாலயம் கொள்ளாது.

அது 1980, ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை. செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மலை இருப்பது மேற்கே, வெகு தொலைவில். ஆனால் அது வெடித்த ஞாயிறன்று காற்று கிழக்கே அடித்தது. பட்டப்பகலில் ஃப்ரீடனில் தெருவிளக்குகள் எரிந்தன. கோதுமை வயல், கூரை, மாட்டின் முதுகு எல்லாவற்றின் மேலும் சாம்பல் படிந்தது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். வழியில் அகப்பட்டுக்கொண்ட பயணிகள் எழுபது பேர் மூன்று நாள் தேவாலயத்தில் தங்கினார்கள். மாதர் சங்கம் அவர்களுக்கு நூடுல்ஸ் சூப்பும் முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டியும் செய்து போட்டது. அவர்கள் நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். காலணியில் கொண்டுவந்த சாம்பலைக் கம்பளத்தில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கம்பளம் அடர்சிவப்பு. சங்கத்துப் பெண்கள் நான்கு குளிர்காலம் உட்கார்ந்து மெத்தைப் போர்வைகள் தைத்து விற்று வாங்கியது. மறுநாள், பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தல் ஆராதனை. சாம்பலால் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன ஆராதனை அது. பதினோரு பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்து பீடத்தின் முன்னால் அந்தக் கம்பளத்தின் மேல் மண்டியிட வேண்டும்.

“வெள்ளையா மண்டி போடுவாங்க, வெள்ளையாவே எழுந்திரிப்பாங்க பாஸ்டர். இது பென்ஸெல் வாக்கு” என்று ரெய்ன்ஹோல்ட் சொல்லியிருந்தார்.

அந்த வீட்டில் வாக்கு கொடுப்பது அரிது. கொடுத்தால் தட்டிப் பார்க்கலாம், கல்லைப்போல் கெட்டியாக ஒலிக்கும். தேவாலயத்தின் மூலைக்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்தவர் அவர்களுடைய தகப்பனார். அவர் இறந்தபின் ரெய்ன்ஹோல்ட் அறுவடை இயந்திரங்களின் காற்றாடிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்து நான்காம் வருடம் ஸ்போகேன் நகரத்துக்குப் போய், கம்பளம் கழுவும் இயந்திரத்தை வாங்கிவந்து வேனில் பொருத்தினார். அதற்கு முன் அந்தப் பக்கத்தில் கம்பளம் கழுவுவதென்றால் முற்றத்துக் கம்பியில் போட்டு அடிப்பதுதான்.

வேனின் பின்பாதி முழுக்க இயந்திரம். தனி எஞ்சின் ஒன்று. அது ஒரு பக்கம் வெந்நீரை அழுத்தித் தள்ளும். மறுபக்கம் ப்ளோயர் என்ற காற்றாடியைச் சுழற்றி அழுக்குநீரை உறிஞ்சும். வேனிலிருந்து இரண்டு ஹோஸ்கள் வீட்டுக்குள் போகும். மெலிந்ததில் வெந்நீர் போகும், தடித்ததில் அழுக்குநீர் திரும்பிவரும். இரண்டும் சேரும் இடத்தில் ரெய்ன்ஹோல்டின் கையில் ஒரு எஃகுக் கோல். கோலை முன்னே தள்ளும்போது விசையை அழுத்தித் தண்ணீரைத் தெளிப்பார். பின்னே இழுக்கும்போது விசையை விட்டு உறிஞ்சுவார். தண்ணீர் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் திரும்ப வேண்டும். திரும்பாதது கம்பளத்தின் அடியில் தங்கும். தங்கினால் நாறும். தொழில் இவ்வளவுதான், ஆனால் அந்த இவ்வளவுதானைச் சரியாகச் செய்தவர்கள் அந்த மாவட்டத்தில் வேறு யாரும் இல்லை.

ஆல்வினாவின் இடம் வேன். அங்கே கண்ணாடி மூடிய ஒரு மீட்டர் இருந்தது. உறிஞ்சும் வலுவை ஒரு முள் எண்ணாகக் காட்டும். உள்ளே இருக்கும் அண்ணனுக்கு அந்த எண் தெரிய வேண்டும் என்றால் தடித்த ஹோஸை இரண்டு முறை சுண்டி இழுப்பார். வேன் முனையில் ஹோஸ் துள்ளும். ஆல்வினா எண்ணைக் கத்துவாள். கோதுமை வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது. எஞ்சின் சத்தத்தை மீறி, சுவரை மீறி, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

“பத்து!”

பென்ஸெல் பத்து என்றே ஊரில் பெயர். காலையில் காபிக் கடைக்குள் அவள் நுழைந்தால், “இன்னைக்கு எவ்வளவு ஆல்வினா?” என்று கேட்காத ஆள் கிடையாது. “பத்து” என்பாள். நலமா என்று கேட்டால் நலம் என்று சொல்வதுபோல் அது. எண்பத்தெட்டு வயதில், ரிட்ஸ்வில் முதியோர் இல்லத்து ஜன்னல் அருகே உட்கார்ந்திருக்கும் ஆல்வினாவுக்கு இன்றும் அந்தக் கடையின் வாசனையோடு சேர்ந்துதான் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. வறுத்த மாவுப் பலகாரம், ஈரக் கம்பளியின் நெடி, அண்ணனின் சட்டையில் சோப்பு நீர் காய்ந்த வாசனை. நல்ல நாட்கள். முதுகு ஒடிந்தது, கை வெந்தது, ஆனால் நல்ல நாட்கள்.

சாம்பல் விழுந்தபின் முள் ஏறத் தொடங்கியது.

முதல் வாரம் பதினொன்று. அடுத்த வாரம் பன்னிரண்டைத் தாண்டியது. மூன்றாம் வாரம் பதினான்கு. ஆல்வினாவே கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பதினான்குதான்.

“இந்தச் சாம்பல் நம்ம மெஷினுக்கு ஒத்துக்கிச்சுடி” என்றார் ரெய்ன்ஹோல்ட். சிரிப்பது அரிதான அந்த முகம் அன்று சிரித்தது. “மத்தவன் மெஷினெல்லாம் இருமிக்கிட்டுக் கிடக்கு. நம்மளது வயசு திரும்பி நிக்குது.”

ஊரும் மகிழ்ந்தது. சாம்பல் வாரிக் கைசலித்த அந்த வாரங்களில் மக்களுக்கு நல்ல சேதி எதுவாவது வேண்டியிருந்தது. பென்ஸெல் வீட்டு இயந்திரம் பதினான்கு இழுக்கிறதாம் என்பதைத் தபால்காரர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். வீதியில் போகிறவர்கள் தொப்பியைத் தொட்டு, “பதினாலு!” என்றார்கள். ரெய்ன்ஹோல்ட் தலையை ஒரு அங்குலம் மட்டும் அசைத்து ஏற்றுக்கொள்வார்.

அதே வாரங்களில் கம்பளங்கள் காய நாளெடுத்தன. முன்பு சாயங்காலத்துக்குள் காய்ந்தது போய் இரண்டு நாள், மூன்று நாள். “சாம்பல் தண்ணிய விடமாட்டேங்குது” என்றார் ரெய்ன்ஹோல்ட். சாம்பலை இளக்க இன்னும் தண்ணீர் வேண்டும் என்று கோலின் நுனியில் பெரிய துளை போட்ட முனைகளை மாட்டினார். தண்ணீர் இரண்டு பங்காகப் போனது. இழுப்பதற்குத்தான் பதினான்கு இருக்கிறதே.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குள் தேவாலயத்தின் பாதிக் கம்பளம் முடிந்திருந்தது. எல்டா க்ராம்லிக் உள்ளே வந்து, நடுவழியில் மண்டியிட்டு, வெள்ளைக் கைக்குட்டையைக் கம்பளத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். எடுத்துக் காட்டினாள். கைக்குட்டை சாம்பல் நிறத்தில் தொங்கியது. நுனியிலிருந்து சொட்டியது.

“இது என்ன ரெய்ன்ஹோல்ட்?”

“ஈரம், மிஸஸ் க்ராம்லிக். கழுவினா ஈரம் இருக்கும்.”

“கழுவினா ஈரம் இருக்கும்னு எனக்கும் தெரியும். நான் ஆறு பிள்ளைக்குத் துணி தோய்ச்சவ. பிழிஞ்சா போகும்ல? நீ பிழியலையே!”

“முள் பதினாலுல நிக்குது. இதுக்கு மேல பிழியற மெஷின் இந்த மாகாணத்துல இல்ல.”

“முள்ளு என் கைக்குட்டைகிட்ட சொல்லட்டும்.”

அப்போதுதான் டூப்ரீ உள்ளே வந்தார். நெட்டையான ஆள், புத்தம்புதிய நீலச் சீருடை, நெஞ்சில் தன் பெயர் தைத்தது. வெளியே பென்ஸெல் வேனுக்குப் பின்னால் அவருடைய மஞ்சள் லாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதை ஆல்வினா பார்த்துவிட்டாள்.

“நான்தான் வரச்சொன்னேன்” என்றாள் எல்டா. “ஒளிச்சு மறைச்சுச் செய்யறவ நான் இல்ல.”

போதகர் டீல்மன் இருவருக்கும் நடுவே கையை விரித்தார். “மிஸஸ் க்ராம்லிக், ரெய்ன்ஹோல்ட் நம்ம சபையோட மூப்பர். கொஞ்சம் பொறுமையா...”

“மூப்பரா இருந்தா கம்பளம் காஞ்சிடுமா பாஸ்டர்? நாளைக்கு என் பேத்தி அந்த இடத்துல மண்டி போடப் போறா. சேத்துல எழுந்திரிச்சா நீங்க ஜெபம் பண்ணித் துவைப்பீங்களா?”

போதகர் கையை மடக்கிக்கொண்டார்.

டூப்ரீக்கும் சங்கடம்தான். அடுத்தவன் வேலையின் நடுவில் வந்து நிற்பது தொழிலில் அழகில்லை. “பென்ஸெல், உங்க மெஷின் உண்மையிலேயே பதினாலு இழுக்குதா? எனக்குப் பதினொண்ணுக்கு மேல ஏறினதே இல்லையே. புதுசு வேற.”

“பழசுலதான் சரக்கு இருக்கு.”

“அப்ப ஏன் சொட்டுது?” என்றாள் எல்டா.

இப்படிக் கேட்டால் ரெய்ன்ஹோல்ட் முதுகை இன்னும் நிமிர்த்துவார். நிமிர்த்தினார்.

எல்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் உனக்கு நேரம். அப்பவும் என் கைக்குட்டை நனைஞ்சா இவரு உள்ள வருவாரு, நீ வெளிய போவே. அதுக்கப்புறம் பென்ஸெல் பேர் எழுதின வேன் இந்த வாசல்ல நிக்க வேண்டாம். எனக்கு உங்க அப்பாவையும் தெரியும். அவரா இருந்தா இந்நேரம் தானே வெளிய போயிருப்பாரு.”

இந்தக் கடைசி வார்த்தை ஜன்னல் வழியாக வேன் வரைக்கும் வந்தது.

ஆல்வினா உள்ளே எட்டிப் பார்த்தாள். அண்ணன் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டி நின்றுகொண்டிருந்தார். கோல் பக்கவாட்டில் கவிழ்ந்து, வாயைக் காற்றில் திறந்தபடி கம்பளத்தில் கிடந்தது. அவளுக்கு அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மீட்டரைப் பார்த்தாள்.

பதினான்கு.

பழக்கத்தில் பார்வை நகர்ந்துவிட்டது. பிறகு திரும்பி வந்தது.

கோலின் வாய் திறந்து கிடக்கிறது. கம்பளத்தை அது தொடவே இல்லை. காற்று தடையில்லாமல் உள்ளே போகும்போது முள் விழ வேண்டும். ஆறு வருடமாக விழுந்திருக்கிறது. கோலைத் தூக்கினால் நாலு, வைத்தால் பத்து, தூக்கினால் நாலு. மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும் முள் அது. இப்போது ஆணியடித்ததுபோல் பதினான்கில் நிற்கிறது. எப்போதிலிருந்து நிற்கிறது? அவள் யோசித்தாள். அது இறங்குவதைப் பார்த்து வாரங்கள் ஆகின்றன. ஏறியதை எல்லோருக்கும் கத்தினாள். இறங்காததை அவள் கவனிக்கவில்லை.

ப்ளோயர் கம்பளத்திலிருந்து எதையும் இழுக்கவில்லை. வழி அடைத்துப்போய், மூக்கைப் பிடித்த குழந்தைபோல் தன் மூச்சையே இழுத்துத் திணறிக்கொண்டிருந்தது. அந்தத் திணறலுக்குத்தான் பதினான்கு என்று பெயர். மேலே பாதுகாப்பு வால்வு ஓயாமல் சீறிக்கொண்டிருந்ததை அவள் இயந்திரத்தின் உற்சாகம் என்று நினைத்திருந்தாள்.

எஞ்சினை அணைத்தாள். அழுக்குநீர் டேங்கின் மூடியைத் திறந்தாள். அழுக்குநீர் விழும் வாயில் கட்டிய வலைப்பையை அவள் தினமும் கழுவுகிறாள், அது சுத்தம். ஆனால் டேங்கின் உள்கூரையில், ப்ளோயருக்குக் காற்று போகும் குழாயின் முனையில் இன்னொரு சல்லடை உண்டு. மயிரும் நூலும் அது வரைக்கும் வராது. வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் கழிந்து வேலையில்லாத வாரத்தில் அதைக் கழற்றுவது வழக்கம். கையை விட்டுத் தடவினாள். சல்லடை தட்டுப்படவில்லை. சுட்ட மண்பாண்டம்போல் கெட்டியான ஏதோ ஒன்று இருந்தது.

மயிரும் நூலும் வராத இடத்துக்குச் சாம்பல் நீராவியோடு வந்து, ஒட்டி, காய்ந்து, மறுபடி ஒட்டி, சிமென்ட்டாகியிருந்தது. விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் மிச்சம்.

சல்லடை அவள் பொறுப்பு. அண்ணனுடையது கோல், தங்கையுடையது டேங்க். ஆறு வருடமாக அப்படித்தான்.

மதிய உணவுக் கூடையில் ரொட்டி அறுக்கும் கத்தி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தோள் வரைக்கும் டேங்குக்குள் போனாள். சாம்பல் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. கை கிழிந்தது. கால் மணி நேரம் ஆயிற்று. சல்லடையின் கம்பிகள் பளபளத்ததும் மூடியை மூடி எஞ்சினை ஓட்டினாள். சத்தமே வேறாக இருந்தது. சீறல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் பழைய, கனத்த உறுமல். அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்தது. மூன்று வாரமாக அந்தச் சத்தம் இல்லாததுகூடத் தெரியாமல் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

முள் நாலில் நின்றது. உள்ளே அண்ணன் கோலை எடுத்துக் கம்பளத்தில் வைத்திருக்க வேண்டும், ஏறியது. ஒன்பது. பத்துகூட இல்லை. பழைய எஞ்சின் மூன்று வாரம் மூச்சுமுட்டியதில் கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

தடித்த ஹோஸ் இரண்டு முறை துள்ளியது.

ஆல்வினா வாயைத் திறந்தாள். ஜன்னல் வழியாக டூப்ரீயின் நீல முதுகு தெரிந்தது. எல்டா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பதினாலு” என்று தொப்பியைத் தொட்ட ஊர் முழுக்க அந்த இருவருக்கும் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. ஒன்பது என்றால் பதினான்கு எங்கே போனது என்று கேட்பார்கள். கேட்டால் அண்ணன் என்ன சொல்வார்?

“பதினாலு!” என்று கத்தினாள்.

உள்ளே ரெய்ன்ஹோல்ட் விசையை அழுத்தாமல் கோலை வெறுமனே இழுத்தார். இழுபடவில்லை. கோல் கம்பளத்தைக் கவ்விக்கொண்டது. உடம்பின் எடையைக் கொடுத்து இழுத்ததும் ஹோஸ் கடகடவென்று அதிர, சாம்பல்நீர் ஓடையாய்ப் பின்னோக்கிப் பாய்ந்தது. போன இடத்தில் சிவப்பு தெரிந்தது. அவர் நின்றார். கோலைத் தூக்கி அதன் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அதை ஒரு பெஞ்சின் மேல் சாய்த்துவிட்டு வெளியே வந்தார்.

வேனில் ஆல்வினா சாம்பல் அப்பிய கையோடு, முழங்கையில் ரத்தத்தோடு நின்றாள். ரெய்ன்ஹோல்ட் குனிந்து மீட்டரைப் பார்த்தார். கோல் காற்றில் இருக்கிறது, முள் நாலில் இருக்கிறது. காற்றாடிகளோடு வாழ்ந்த மனிதருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. டேங்கின் அடியில் பெயர்ந்து கிடந்த ஓடுகளையும் பார்த்தார்.

“கம்பளத்துல வச்சா எவ்வளவு?”

“ஒன்பது.”

“நீ என்ன கத்தினே?”

“உள்ள அந்த மோசஸ் லேக் ஆளு இருக்கான் அண்ணே. அந்தம்மா இருக்கு. அப்பா பேரை எடுத்துச்சு. எனக்குப் பொறுக்கல.”

“நான் கேட்டது ஏன்னு இல்ல. என்ன கத்தினேன்னு.”

“பதினாலு.”

“எத்தனை நாளா அடைச்சுக் கிடக்கு?”

“தொடக்கத்துலருந்தே ஏறிக்கிட்டேதான வந்துச்சு. சாம்பல் விழுந்த மொத நாள்லருந்தேதான்.”

அவர் வயல்பக்கம் பார்த்தார். உதடு அசைந்தது. வீடுகளை எண்ணுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கைஸர் வீடு, நூலகம், ஹெய்ன்ரிக் கிழவரின் படுக்கையறை, மளிகைக்காரரின் மாடி. எண்ணி முடித்தபோது முகம் வெளுத்திருந்தது.

“சல்லடை என் வேலை அண்ணே. நான் சொல்றேன் அவங்ககிட்ட.”

“பெரிய முனை மாட்டினது யாரு?”

“நீங்க.”

“அப்ப வாய மூடு.”

கருவிப்பெட்டியைத் திறந்து பழைய சிறிய முனைகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாலடி நடந்து திரும்பினார். ஆல்வினா ஏசல் வரும் என்று நின்றாள்.

“கைய அலம்பிக் கட்டுப்போடு” என்றார். “அப்புறம் மீட்டர் பக்கத்துலயே நில்லு.”

அவர் உள்ளே போவதை அவள் பார்த்தாள். கோலின் முனைகளை மாற்றினார். அவசரப்படவில்லை. எல்டாவுக்கும் டூப்ரீக்கும் போதகருக்கும் நேர் முன்னால் போய் நின்று, கோலைக் கம்பளத்தில் அழுத்தி வைத்தார். குனிந்தார். ஹோஸை இரண்டு முறை சுண்டினார்.

வேன் முனையில் ஹோஸ் துள்ளியது. உள்ளே எல்லோரும் காத்திருந்தார்கள். ரெய்ன்ஹோல்ட் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, மூலைக்கல்போல் நின்றார்.

வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திய தொண்டை, இருபதடி தூரத்துக்கு மறுத்தது. ஹோஸ் மறுபடி இரண்டு முறை துள்ளியது.

“ஒன்பது!” என்று கத்தினாள்.

டூப்ரீ புருவத்தைத் தூக்கினார். “ஒன்பதா? இப்பதான பதினாலுன்னு...”

“பதினாலு தப்பு” என்றார் ரெய்ன்ஹோல்ட். “மெஷின் அடைச்சுக் கிடந்துச்சு. மூணு வாரமா. மூச்சுமுட்டினதை நாங்க பலம்னு நினைச்சோம். ஊர் பூரா சொல்லியும் வச்சோம். ஒன்பதுதான் நிஜம்.”

எல்டா க்ராம்லிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னும் பன்னிரண்டு அடிக்கல” என்றாள்.

அவர் தலையை ஒரு அங்குலம் அசைத்தார். வேலையில் இறங்கினார். தண்ணீர் விடாமல், வெறும் உறிஞ்சல் மட்டும். ஒரே தடத்தில் ஐந்து முறை, ஆறு முறை. முற்பகல் முழுக்க நிறையாத டேங்க் நாற்பது நிமிடத்தில் நிறைந்தது. ஆல்வினா அதைப் பின்பக்கத்துப் பள்ளத்தில் திறந்துவிட்டாள்; குழைத்த சுண்ணாம்பாய் ஓடியது. மறுபடி நிறைந்தது. பீடத்தின் முன்னால் வந்தபோது ரெய்ன்ஹோல்ட் முட்டி போட்டுக்கொண்டு, கோலின் கழுத்தைப் பிடித்து, சாண் சாணாக இழுத்தார். அறுபத்தொரு வயது அவருக்கு. ஹோஸ் அவ்வப்போது துள்ளும். அவள் உடனுக்குடன் கத்துவாள். ஒன்பது. ஒன்பது. எட்டரை. ஒன்பது. ஒவ்வொரு முறை கத்தும்போதும் தொண்டை கொஞ்சம் இளகியது.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. எல்டா புதுக் கைக்குட்டை ஒன்றை எடுத்தாள். பீடத்தின் முன்னால், தன் பேத்தி மண்டியிட வேண்டிய இடத்தில் வைத்து, எழுபது வயது உடம்பின் முழு எடையையும் கொடுத்து அழுத்தினாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“குளிர்ச்சியா இருக்கு” என்றாள். “ஈரமில்ல.”

பிறகு டூப்ரீயிடம், “உங்களை வீணா அலைக்கழிச்சிட்டேன். கீழ சமையலறைல காபியும் கூக்கன் கேக்கும் இருக்கு, சாப்பிட்டுப் போங்க” என்றாள்.

வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். “ஒன்பதோ பத்தோ, எனக்கு அந்த நம்பரெல்லாம் எப்பவுமே புரிஞ்சதில்ல ரெய்ன்ஹோல்ட். உங்க அப்பாவைப் பத்தி நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்.”

மறுநாள் பதினோரு பிள்ளைகளும் வெள்ளையாக மண்டியிட்டார்கள், வெள்ளையாக எழுந்தார்கள். ஆராதனை முடிந்து அறிவிப்புகளின் நேரத்தில் ரெய்ன்ஹோல்ட் தம் இருக்கையில் எழுந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்தார். மூன்று வாரத்தில் கழுவிய இருபத்து மூன்று வீடுகளின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். “இந்த வீடுகள்ல வேலை சரியா செய்யல. திங்கக்கிழமைலருந்து வரிசையா மறுபடி வர்றோம். கதவைத் திறந்து வைங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஆல்வினா நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையின் மேல் அண்ணனின் கை ஒரு கணம் வந்து, பிறகு பாட்டுப் புத்தகத்தைத் தேடுவதுபோல் விலகிப் போனது.

அந்தக் கோடையை அவள் இப்போது நினைக்கும்போது இருபத்து மூன்று வாசல்கள் நினைவுக்கு வருகின்றன. ஏசியவர்கள் இரண்டு வீடுதான். மற்ற வீடுகளில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். ஹெய்ன்ரிக் கிழவர் கட்டிலில் படுத்தபடியே, “ஆல்வினா, கத்து, எனக்குக் காது கேக்கல” என்று சொல்லிச் சொல்லி ஐந்து முறை ஒன்பதைக் கேட்டுச் சிரித்தார். கோதுமை அந்த வருடம் எதிர்பாராமல் நன்றாக விளைந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்த வீடுகளிலிருந்து ஈரக் கம்பளியின் வாசனை தெருவுக்கு வந்தது. காபிக் கடையில் கேலிக்காரர்கள், “ஒன்பது வந்தாச்சு!” என்பார்கள். ரெய்ன்ஹோல்ட், “ஆமா, ஒன்பது” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அவர் இருக்கும்வரை அந்தக் கடையில் அந்தக் கேலியை யாரும் அதற்கு மேல் நீட்டியதில்லை. அவர் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது.

அடைப்பைக் கண்டுபிடித்தது மோசஸ் லேக்கின் டூப்ரீ என்றும், அவர்தான் பென்ஸெல்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் காப்பாற்றினார் என்றும் ரிட்ஸ்வில் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை. டூப்ரீ அன்று அந்த வேனின் அருகில்கூட வரவில்லை. கண்டுபிடித்தது ஆல்வினா பென்ஸெல்.